நாற்பது சதவீதம்

நவம்பர் விடுமுறை நான்கு நாள்.
ஃபின்ஸிலிருந்து திவி வரை
கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு
இருபதோ இருபத்திரண்டோ கிலோமீட்டர்
இரண்டு பகலாக நடப்பது என்று
சாப்பாட்டு மேசையில் முடிவாயிற்று.
முடிவாயிற்று என்றால்,
ஆல்வின் கரண்டிக் காம்பால் மேசைவிரிப்பில் கோடு இழுத்தார்,
யாரும் அதைத் தடவி அழிக்கவில்லை.

ஷெரினின் போனில் மூன்று வானிலை.
ஒன்று வெயில் என்கிறது.
ஒன்று மேகத்துக்குக் கீழே துளி வரைந்திருக்கிறது.
இன்னொன்று, நாற்பது சதவீதம்.
"அப்போ நாம நாலு பேர்ல
ஒன்றரைப் பேர் நனைவோமா?"
ஜெபின் கேட்டான்.
அந்த அரை யார் என்று
அரை மணி நேரம் சண்டை.

அரபிக்கடலில் ஒரு தாழ்வு
இன்னும் பேர் வைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.
ரூவி முழுக்க அதன் பேச்சுதான்,
பக்கத்து வீட்டுப் பிரசவம் மாதிரி:
தள்ளிப் போகுதாம்,
ஏமன் பக்கமாம்,
இல்லை, திரும்புதாம்.

மழைக்கு நான் பயப்படவில்லை.
வாதிக்குத்தான்.
நாம் வாதி என்றால் வழக்குத் தொடுத்தவர்.
இங்கே அது ஓடை.
வருஷமெல்லாம் கூழாங்கல்லைக் காட்டிக்கொண்டு
வாய் திறக்காமல் கிடக்கும்.
மலையில் எங்கோ ஒரு மணி நேரம் பெய்தால் போதும்,
காரும் ஆடும் கம்பி வேலியும்
சாட்சி சொல்லக் கீழே வந்துவிடும்.
எங்கள் வழியில் அப்படி நான்கு.
ஷெரின் வரைபடத்தில் வட்டமிட்டிருக்கிறாள்,
சிவப்பில்.
பிரதிவாதி நாங்கள்.

இரண்டு பட்டியல் எழுதினேன்.
வெயில் தாளில் தொப்பி, தண்ணீர் பன்னிரண்டு லிட்டர்,
தோல் உரியாமலிருக்க அந்த வெள்ளைக் களிம்பு.
மழைத் தாளில் சூரில் ஒரு அறை,
வேண்டாமென்றால் பணம் திரும்புகிற அறை,
உடன் பிரைட்சன் கொழுந்தனின் கார்
நெடுஞ்சாலையிலேயே எங்களுக்கு இணையாக ஊர்ந்து வருவது
(அவருக்கு இன்னும் சொல்லவில்லை).
நெத்திலிப் பொரியல் இரண்டு தாளிலும் இருந்தது.
அது எந்த வானத்துக்கும் போகும்.

வியாழன் இரவு ஷூ வாங்கப் போனோம்.
"ஒரு சைஸ் பெரிசா எடுப்போம்,
அடுத்த வருஷமும் ஆகும்" என்றேன்.
சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கு.
ஆல்வின் ஷூவைக் கவிழ்த்து
அடிப்பாகத்தின் வரிகளை
வாசிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவருடைய ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்று வரை.
மேலாளரைக் கேட்டால் பார்ப்போம் என்கிறாராம்.
கண்ணைப் பார்த்துச் சொன்னாரா என்று கேட்டேன்,
கணினியைப் பார்த்து என்றார்.
அந்த வானத்துக்கு எந்த போனிலும்
மேகம் வரைந்து காட்டுவதில்லை.

கடைப் பையன் இரண்டு பெட்டியையும்
இரண்டு கையில் ஏந்தி நின்றான், தராசு மாதிரி.
ஜெபின் ஒற்றைக் காலில் நின்றான்.
"பெரிசே எடு" என்றார் ஆல்வின்.
"கூடவே தடிமனா ஒரு ஜோடி சாக்ஸ்."

நாளை விடிகாலை நான்குக்குக் கிளம்ப வேண்டும்.
இப்போது ஐம்பத்தைந்து சதவீதம் என்கிறாள் ஷெரின்.
யாரும் பதில் சொல்லவில்லை.
புது ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று
ஹாலுக்கும் அடுக்களைக்கும்
டொக் டொக்கென்று நடக்கிறான் அவன்.
எத்தனை நடை என்று எண்ணுகிறாள் இவள்.
அறுபதாவது நடையில்
இவரும் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்,
லுங்கியோடு, கைகளை வீசி,
கடல் இடப்பக்கம் இருப்பதாக.

பால்கனிக் கதவைத் திறந்தேன்.
காற்றில் ஈரமா, உப்பா,
பிரித்துச் சொல்ல முடியவில்லை.
கொடியில் நாளைக்கான துணிகள்,
இன்னும் முழுதாகக் காயவில்லை.
உள்ளே எடுக்கலாம்.
கிளிப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன்.

விட்டுவிட்டு வந்தேன்.