திருப்பிச் சொல்லுங்கள்

காஸ்ட்ரோ மருத்துவமனை, மூன்றாம் மாடி.
அவர்கள் தீவுக்கு ஒருமணிப் படகு,
அதை விட்டால் வியாழக்கிழமைதான்.
தாளை வாசித்தேன்:
காலையில் இது, இரவில் அது,
உப்பு கூடாது, கால் வீங்கினால் அழையுங்கள்.
ருபெர்தோ நவெல்கின்
சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
தம்பி ஒனோஃப்ரே வரிக்கு வரி தலையாட்டினார்,
கட்டிப்போட்ட தோணி
அலைக்கு ஆடுவதுபோல.

"புரிந்ததா?"
"புரிந்தது."

இந்த ஒற்றைச் சொல்லோடு
எத்தனை பேரைச் சிலோயே மழைக்குள் அனுப்பியிருக்கிறேன்.
சிலர் நாலாம் நாளே
அதே கட்டிலுக்குத் திரும்பி வந்தார்கள்.

தாளைக் கவிழ்த்து வைத்தேன். உட்கார்ந்தேன்.
"நான் ஒழுங்காகச் சொன்னேனா தெரியவில்லை.
நாளைக் காலை அடுப்பு மூட்டியதும்
என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்."

வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு மழைச்சட்டைப் பைக்குள்ளிருந்து
செய்தித்தாளில் மடித்த பொட்டலம்.
"முதலில் வழக்கமாகக் கொடுக்கும் இது.
அப்புறம் நீங்கள் தந்தது."

பெட்டி வேறு, பெயர் வேறு, நிறம்கூட வேறு.
உள்ளே இருந்தது ஒன்றே:
ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை.
இரண்டு மடங்கு.

ஒன்பது நாள் இதே நாற்காலியில் இருந்தார்,
இதே பொட்டலத்தோடு.
யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பழையதை என் மேசையிலேயே விட்டார்.
புதிய புட்டியின் கழுத்தில்
சிவப்புத் தூண்டில் நூலால் ஒரு முடிச்சு.
"எனக்கு எழுத்து வராது. முடிச்சு வரும்."

"தினமும் எடை பார்க்கணும்," என்றேன்.
"தராசு இருக்கிறது. உருளைக்கிழங்கு மூட்டைக்கு.
கொக்கியில் மாட்டுவது."
ருபெர்தோ அன்றுதான் முதலில் வாய் திறந்தார்:
"மீனையே ஒழுங்காக மாட்டத் தெரியாதவன்,
என்னை மாட்டப்போகிறானாம்!"
வார்டின் பழைய எடைக்கருவியை
பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தேன்.
கையெழுத்து வாங்க மறந்துபோனேன்.

ஆறாம் நாள் தொலைபேசி.
ஒரே காற்று இரைச்சல்;
கல்லறை மேட்டில் ஏறினால்தான் அங்கே சிக்னல்.
"நேற்று அறுபத்திரண்டு. இன்று அறுபத்துநாலு.
பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் நிறுத்தேன்.
கால் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது."

மருத்துவரைக் கேட்டு வந்து சொன்னேன்:
நீர் மாத்திரை இன்று ஒன்று கூடுதல்,
நாளைக் காலை எடை பார்த்து மறுபடி அழையுங்கள்,
மூச்சு முட்டினால் உடனே, நள்ளிரவானாலும்.

அவர் திருப்பிச் சொன்னார், ஒன்று விடாமல்.
பிறகு, காற்றுக்கு மேல் குரலை உயர்த்தி,
"இப்போது நீங்கள்.
நான் என்ன எடை சொன்னேன்?"

சொன்னேன்.