மூன்றாவது மிதவை

வாடை ஓய்ந்து பங்குனி பிறந்ததும்
கிளப்பின் தகரக் கொட்டிலைத் திறந்தோம்.
முதலில் ஒரு நண்டு வெளியே வந்தது.
எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
கடலுக்குப் போனது.
பிறகுதான் நாங்கள் உள்ளே போனோம்.

ஐப்பசியில் கவிழ்த்துவைத்த ஏழு படகுகள்.
உயிர்காப்பு அங்கி பன்னிரண்டு, விசில் பதினொன்று.
மற்ற விசில் எங்கே என்று
ஒஸ்வல்ட் எல்லோரையும் கேட்கிறார்,
எலிப்பொறியையும்.

நிலுபுல் நாலாம் நம்பரின் அடிவயிற்றில்
பைபர் பூசுகிறான்.
ஒருவரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாதாம்,
இரண்டு மணிநேரத்துக்கு
மூச்சையும் அளவாய்த்தான் விடவேண்டுமாம்.

அறிவித்தல் பலகையில் நேற்று ஒட்டிய அட்டவணையை
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்
சித்திரை முழுவதும் தின்றுவிட்டது.
வைகாசியில் பாதி மிச்சம்.
"கச்சான் எப்ப தொடங்கும்?" என்றார் ஒஸ்வல்ட்
மேற்கே பார்த்து.
கேதாரநாதன் கடதாசிச் சுருளை நீட்டினான்:
"வறுத்தது வந்திட்டுது, எடுங்கோ."
எல்லோரும் சிரித்தோம்.
பஸ்மிலா சிரிக்கவில்லை.

அவள் முற்றத்தில் பாயை விரித்து
தையல் தையலாய்த் தடவிக்கொண்டிருந்தாள்.
பாய் விரித்தால் ஊர் உறங்கும்,
இவளுக்கோ அதோடு உறக்கம் போகும்.

நான் பாயோட்டுபவன் இல்லை.
பதினைந்து குதிரை எஞ்சினோடு முன்னால் போய்
மிதவை போடுபவன்.
காற்று வரும் பக்கம் ஒன்று, திரும்ப ஒன்று,
சோபர் தீவுக்கு நேரே மூன்றாவது.
வெற்றி தோல்வி எல்லாம் அவற்றைச் சுற்றி நடக்கும்.
அந்நேரம் நான் சோடா குடித்துக்கொண்டிருப்பேன்.

போன வருடக் கடைசி ஓட்டத்தில்
பஸ்மிலாவின் படகு மூன்றாவதைத் தொட்டது என்று
கேதாரநாதன் முறைப்பாடு கொடுத்தான்.
"நான் தொடயில்லை, அதுதான் என்னட்ட வந்தது"
என்றாள் அவள்.
மிதவை நடந்து வந்ததாம்!
விசாரணைக் குழுவே வாய்பொத்திச் சிரித்தது.
அவள் பெயரை அடித்தார்கள்.
மீன் சந்தையில்கூட, "பிள்ளை, மிதவை சுகமோ?"
இருவரும் கதைத்து ஐந்து மாதம்.

மிதவை நடந்தது.
நான் பார்த்தேன்.

அங்கே ஆழம் ஏழு பாகம்.
பன்னிரண்டு பாகம் கயிறு வேண்டும்.
நான் கட்டியது ஒன்பது.
கல் இழுபட்டு இழுபட்டு
எங்கள் துறைமுகத்தின் அடியில் இருக்கும்
அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போய்
கால் தவறியது.

மிச்ச மூன்று பாகத்தால்
கொட்டில் கூரையின் தகரத்தைக் கட்டியிருந்தேன்.
இன்று திறந்ததும் கண்ணில் பட்டது அதுதான்,
நீல நைலோன், வளையில் இறுகி,
ஒரு மாரி முழுதும் கூரையைக் காப்பாற்றிய
நல்ல பிள்ளைபோல.

ஏணி வைத்து அவிழ்த்தேன்.
வெட்டிய முனைகளைச் சேர்த்துப் பின்னி
பஸ்மிலாவின் முன்னால் போட்டேன்.
"அளந்து பாரும்."

கைகளை விரித்து அளந்தாள்.
ஏழு. எட்டு. ஒன்பது.
விரல்கள் பின்னலில் நின்றன.
நீலத்தைப் பார்த்தாள்.
ஏணியைப் பார்த்தாள்.
காற்றில் ஒரு மூலை எழும்பி விழுகிற
கூரைத் தகரத்தைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
பத்து, என்றாள். பதினொன்று.
பன்னிரண்டு.
"இன்னும் ரெண்டு போடும்.
கச்சானுக்கு இது காணாது."

கேதாரநாதன் கச்சான் கோதுகளைக்
கையில் பொத்தியபடி நின்றான்,
எங்கே கொட்டுவதென்று தெரியாமல்.

பதிவேட்டை எடுத்தேன்.
சென்ற பருவம், இறுதி ஓட்டம்,
மூன்றாம் மிதவை இடம்பெயர்ந்தது.
காரணம்:
பேனை நின்றது.
ஒஸ்வல்ட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
நிலுபுல் தூரிகையைத் தூக்கிப் பிடித்திருந்தான்,
பசை சொட்டியது.

"காத்து எண்டு எழுதாதையும்"
என்றாள் பஸ்மிலா
பாயிலிருந்து தலை தூக்காமல்.