பழுதுப் பதிவேடு

சம்மாந்துறை, வட்டை ஓரத்து டிரான்ஸ்போமர்.
பழுது: 6.52. காரணம்: வௌவால்.
கருகிய சிறகைக் குறட்டால் இழுத்துக் கீழே போட்டேன்,
பியூஸ் கட்டினேன். 7.21.
மீராலெப்பை கீழே நின்று கத்தினான்:
"என்ன கா, முடிஞ்சா? போடட்டா?"

அப்போதுதான் மேற்கே பார்த்தேன்.
ஆயிரத்து நூறு வீடும் அணைந்து கிடந்த இருட்டில்
வெட்டு மெஷினின் ஒற்றை லைட்டுக்கு மேலே
யாரோ ஈரவிரலால் இழுத்துவிட்ட மாதிரி
ஒரு வெள்ளை.
முகில் என்றால் நகரும். இது நிற்கிறது.
"பொறு" என்றேன்.

பிறகு தயாபரன் போனில் சொன்னான்,
காரைதீவில் பைனாகுலர் வைத்திருப்பவன்,
முகில் மூடினால் அன்றைக்கு யாரோடும் பேசாதவன்:
எழுபத்தொரு வருடத்துக்கு ஒருதரம் வருவதாம்.
முதலில் கண்டவன் மூன்று இரவு குறித்து வைத்தானாம்,
மூன்று புள்ளி போதுமாம் முழுப் பாதையையும் இழுக்க.
ஒருதரம் வந்தால் பெயர் மட்டும்தான்.
திரும்பி வந்து காட்டினால்தான் எண்.
இந்த முறைதான் கிடைத்ததாம்.
நியாயம்தான்,
எண்ணில்லாத கம்பத்தில் நாங்களும் ஏறுவதில்லை.

எனக்குத் தெரிந்த வளைவு ஒன்றே ஒன்று:
இரண்டு கம்பத்துக்கிடையில் கம்பியின் தொய்வு.
வெயிலில் இறங்கும், குளிரில் இறுகும்.
இதற்கு ஒரு பக்கம்தான் கம்பம், அது சூரியன்.
மறுபக்கம் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததையும் சுற்றித்தான் திரும்புகிறது,
அங்கே மெள்ள, மிக மெள்ள,
இங்கே வந்ததும்
தணலில் கால் வைத்தவன்போல ஓட்டம்.
திரும்பிப் போகையில் வால்தான் முன்னே போகுமாம்.

போன முறை இது வந்தபோது
இந்த வட்டையில் கம்பமே இல்லை.
யாரும் லைனை வெட்டத் தேவையில்லை,
குப்பிவிளக்கை ஊதினால் போதும்.
காவல் பரணில் கிடந்த எவனாவது கண்டிருப்பான்,
கண்டுவிட்டு
பன்றி வருகிறதா என்று இந்தப் பக்கம் திரும்பியிருப்பான்.
எழுதி வைக்கவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன்: தெருவிளக்கு.
அதற்கடுத்த நாள் முகில்.
என்னிடம் ஒரு புள்ளிதான்.

7.25க்குப் "போடு" என்றேன்.
வீடுகள் விழுந்தடித்துக்கொண்டு எரிந்தன,
எங்கோ ஒரு பிள்ளை "ஹோ" என்றது,
மேற்கு வெறும் மேற்கானது.

அந்த நான்கு நிமிடத்துக்குக் கந்தோரில் விளக்கம் கேட்டார்கள்.
எழுதிக் கொடுத்தேன்:
லைனுக்கு மேலே ஒன்று தென்பட்டது.
ஆபத்தில்லை. தானாகவே விலகிவிடும்.

இஞ்சினியர் வாசித்தார்,
இன்னொரு வௌவால் என்று நினைத்து
ஒப்பம் வைத்தார்.