ஈயடிச்சான் காப்பி

அலிகாந்தேயில், தரையோட்டுக் கடைக்கு மேல்மாடியில்
மூன்று பேர் ஒரு போர் விமானத்தைச் செய்கிறார்கள்.
மரம் இல்லை, தகரம் இல்லை.
மூன்று கணினி, ஒரு மின்விசிறி,
கீழே நாளெல்லாம் ஓடு அறுக்கும் சத்தம்.

கட்டை விமானம். மழுங்கிய மூக்கு.
குடியரசுப் படை அதை ஈ என்றது.
எதிரே நின்ற படை எலி என்றது.
செய்து அனுப்பிய நாட்டிலோ அதன் பெயர் கழுதை.
பட்டியலில் எதைப் போடுவது என்று
வொரோவும் எலாடியோவும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை.
வொரோவின் கொள்ளுத்தாத்தா அதற்குத் தோட்டா ஏற்றியவர்.
எலாடியோவின் கொள்ளுத்தாத்தா அதன் நிழலுக்குப் பயந்து
ஒலிவ மரத்தடியில் குப்புறக் கிடந்தவர்.
கடைசியில் ஐத்தானா சொன்னாள்:
ஆடுபவன் எந்தப் பக்கமோ
அந்தப் பக்கத்துப் பெயர் தெரியட்டும்.
கழுதைக்கு நாம் மூன்று பேர் போதும்.

சக்கரம் தானாக மடங்காது இதில்.
கைப்பிடியை நாற்பத்து நாலு முறை சுற்ற வேண்டும்,
வலது கையால்.
அதுவரை குச்சியைப் பிடித்திருப்பது
பழக்கமில்லாத இடது கை.
சுற்றுக்குச் சுற்று
விமானம் நொண்டியடித்து மேலே ஏறும்.
ஒரு விசையில் முடித்துவிடு, யார் எண்ணப் போகிறார்கள்
என்றான் எலாடியோ.
வொரோ முடிக்கவில்லை.
சோதித்துப் பார்க்க வந்த பையன்
பத்தொன்பதாவது சுற்றில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.
நிஜமாகவே ஒருத்தன் இதைச் செய்தானா?
செய்தான். சில நாள் பின்னாலிருந்து சுடுவார்கள்,
அப்போதும் செய்தான்.
கம்பி சிக்கினால் வெட்ட ஒரு குறடும் வைத்திருந்தான்.
குறட்டையும் வரைந்தார்கள்,
இருக்கைக்கு அடியில்,
யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்.

பச்சைக்கு மட்டும் நாலு மாதம்.
படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை.
ஒரு கோழிக்கூண்டின் கூரையில் கிடைத்தது
எஞ்சின் மூடியின் தகரம், உள்ளங்கை அகலம்.
ஐத்தானா அதன் நிறத்தை எடுத்து
எண்பது வருட வெயிலை
அதிலிருந்து கழித்தாள்.

பிறகு அந்தப் புள்ளி.
1938, கண்ணாடித் தகட்டில் எடுத்த ஒரே படம்.
கதவுக்குக் கீழே, கறுப்பாக.
தோட்டா துளைத்து ஒட்டுப்போட்ட இடம் என்றான் வொரோ.
எண்ணெய் என்றான் எலாடியோ.
அவள் ஒன்றும் சொல்லாமல் வரைந்தாள்,
இடம் மாறாமல், அளவு மாறாமல்.
ஆட்டம் வெளிவந்தது.
ஒசாக்காவிலும் துலூஸிலும்
அந்தப் புள்ளியோடு ஏறினார்கள்,
அந்தப் புள்ளியோடு எரிந்தார்கள்.

மார்ச் மாதம் காப்பகத்திலிருந்து
தகட்டின் புதிய நகல் வந்தது.
பெரிதாக்கினாள்.
இன்னும் கொஞ்சம்.
ஆறு கால்கள்.
ஒரு சிறகு விரிந்து, ஒன்று மடங்கி.

கீழே ஓடு அறுப்பவர் ரம்பத்தை நிறுத்தி
மேலே பார்க்குமளவுக்குச் சிரித்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே
வொரோ அழிக்கப் போனான்.
இரு, என்றாள்.
ஈ எப்போது வேண்டுமானாலும் விழுந்திருக்கலாமே,
என்றான் எலாடியோ. எழுபதில்கூட.
இல்லை. பின்னால் விழுந்து ஒட்டியிருந்தால்
படத்தில் வெள்ளையாக விழும்.
இது கறுப்பு.
ஷட்டர் திறந்தபோது தகட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது.
அந்த வெளிச்சத்தை மறைத்திருக்கிறது.

பிறகு விரல் விட்டு எண்ணினாள்:
பச்சை நம் ஊகம்.
எஞ்சின் சத்தம் முர்சியாவில் ஒரு டிராக்டர்.
ஓட்டுபவன் முகம், வொரோ, உன் முகம்,
கொஞ்சம் ஒல்லியாக.

யாரும் பேசவில்லை.
மின்விசிறி தலையை இந்தப் பக்கம் திருப்பி
அந்தப் பக்கம் போனது.

அடுத்த திருத்தப் பட்டியலில்
பதினோராவது வரி:
கதவடிப் புள்ளி. சரிபார்க்கப்பட்டது.
மாற்றமில்லை.