நூற்றில் ஒன்று

நூற்றில் ஒன்றை அறுத்துப் பார்க்க வேண்டும்.
எனக்கு இட்ட உத்தரவு அது.
மற்ற தொண்ணூற்றொன்பதையும் நம்பிவிடலாம்.

யீமெங் மலையடிவாரம், பழைய உப்புக் கிடங்கு,
நாற்பத்தெட்டாம் வருடத்துப் பனி.
படை தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது.
வரைபடத்தில் அது ஒரு சிவப்பு அம்பு.
என் பேரேட்டில்
இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் கால்,
இடது பாதி, வலது பாதி.
அம்புக்குக் கால் கிடையாதென்று
தளபதியிடம் யார் சொன்னார்களோ,
ஐந்தே நாளில் வேண்டும் என்று தந்தி.

வந்தன.
தள்ளுவண்டியில், கழுதை முதுகில், கோழிக் கூடையில்.
கந்தல்மேல் கந்தல் வைத்து
சோளக் கஞ்சி தடவி
கதவுப் பலகையில் ஒட்டிக் காயவைத்து
சணல் நூலால் குத்தித் தைத்த அடி.
அந்த வாரம் மாவட்டத்தில்
பாதி வீடுகளுக்குக் கதவில்லை.

மோசடியும் உண்டு.
கந்தல் இருக்க வேண்டிய இடத்தில் காகிதம்,
பசைக்குப் பதில் களிமண்,
ஒருமுறை வெறும் உமி.
உமி வைத்தவளைத் திட்டினேன்.
"கஞ்சியைப் பிள்ளை குடித்துவிட்டது."
அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

லுவான் குய்ஜி கொண்டுவந்தது ஏழு ஜோடி.
நூறாவதாக விழுந்தது அவளுடையது.

கத்தி இறங்கியது.
மேலே பூப்போட்ட துணி, சாயம் போனது.
அடுத்து வெள்ளை, துக்கத்துக்குக் கட்டுவது.
அதற்கும் அடியில்
புகையிலை நிறத்தில் கெட்டியாக ஒன்று.
பொத்தான் துளை அப்படியே இருந்தது.
எதிரிப் படையின் சட்டை.

நான் பார்த்தேன்.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.
பக்கத்து அறையில் அரசியல் அலுவலர் பியென் இருமினார்.

"எங்கே கிடந்தது?"
"கிடக்கவில்லை. வந்தது.
வயலில் நின்றவரைக் கயிறு கட்டிக் கூட்டிப்போனார்கள்.
சட்டை மட்டும் வந்தது.
நல்ல துணி."

"ஏழு ஜோடியிலுமா?"
"பதினாலு அடிக்கு அளவாக வந்தது.
கை இரண்டும் குதிகாலுக்குப் போனது."

*

லின்டோங் காட்சிக்கூடத்துக்குப் போனபோது
என் கால்கள் ஓய்ந்துவிட்டன;
மருமகன் சக்கர நாற்காலியைத் தள்ளினான்.
மண்டியிட்ட சுடுமண் வில்லாளியின்
முகத்தை எல்லோரும் படம் பிடித்தார்கள்.
பின்பக்கம் தள்ளு என்றேன்.
மடங்கிய காலின் அடி.
நுனியில் நெருக்கம், நடுவில் கொஞ்சம் விட்டு,
குதியில் மறுபடி நெருக்கம்.
வில் மக்கிப்போயிருந்தது.
பேரரசும்.
தையல் மட்டும் கணக்குத் தப்பவில்லை.
தைத்தவளை யாரும் மண்ணில் பிடித்து வைக்கவில்லை.

அவளுடையதும் அப்படித்தான்,
நெருக்கம், விட்டு, நெருக்கம்.
விரலால் எண்ணியிருக்கிறேன்.

*

அறுத்ததைக் கழிவில் சேர்க்க வேண்டும்.
எழுதினேன்:
அடுக்கு எட்டு. துணி பழையது. தரம் முதல்.
இரவு விளக்கைச் சிறிதாக்கி
நானே தைத்தேன்,
பதினொரு குத்து, ஒன்றும் நேராக இல்லை.
எவனோ அதை மாட்டிக்கொண்டு
தெற்கே ஓடியிருப்பான்,
ஒரு சட்டையை மிதித்தபடி
அதே நிறச் சட்டைகளைத் துரத்திக்கொண்டு.
எந்த ஆறுவரை தாங்கியதோ.
காலணிகள் கடிதம் போடுவதில்லை.

ஆனால் இதெல்லாம் அவள் போன பிறகு.
போகுமுன் ரசீது கேட்டாள்.
ஏழு ஜோடி,
கொடுத்தவர் லுவான் குய்ஜி என்று எழுதி நீட்டினேன்.
எழுத்துத் தெரியாது அவளுக்கு,
படிக்கச் சொன்னாள்.
படித்தேன்.

"நான் தைத்துத்தான் கொடுத்தேன்" என்றாள்.
"கொடுத்தவர் மு சாங்ஷெங்."

இருமல் நின்றிருந்தது பக்கத்து அறையில்.
மையைத் தொட்டேன்.
அடித்தேன்.
எழுதினேன்.