விலக்கப்பட்ட மதிப்பு

நூற்றுப் பதினெட்டாவது தாள்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
மகாங்கே மையம், வயது வந்தோர் பிரிவு,
ஓரத்தில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கிறது.
நான் பொகோட்டாவில் ஆறாவது மாடியில்
குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு
சிவப்புப் பேனா பிடிப்பவன்.
மக்தலேனா நதியை ஒரே ஒருமுறை
விமானத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பழுப்பு.

கேள்வி ஏழு:
நீரோட்டம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர்.
இருபத்துநான்கு கிலோமீட்டர் எதிர்த்து ஏறி
அதே தூரம் திரும்பி இறங்க
மொத்தம் ஐந்து மணி நேரம்.
அசையாத நீரில் படகின் வேகம் எக்ஸ். காண்க.

சரியாகத்தான் தொடங்குகிறார்.
ஓர் இருபத்துநான்கின் கீழ் எக்ஸ் கழித்தல் இரண்டு,
இன்னொன்றின் கீழ் எக்ஸ் கூட்டல் இரண்டு.
இனி இருபுறமும் பெருக்க வேண்டும்.
பெருக்கு வந்தால் துறையின் படிகள் முங்குவதுபோல
பகுதிகள் காணாமல் போகும்;
போகுமுன் எழுதி வைக்க வேண்டும், எது ஆகாது என்று.
எல்லாரும் மறக்கிற வரி. ஒரு மதிப்பெண்.
விடைக்குறிப்பில்:
எக்ஸ் இரண்டு ஆகாது, பகுதி பூச்சியமாகிவிடும்.

இவர் எழுதியிருப்பது:
"எக்ஸ் இரண்டு ஆகக் கூடாது, ஐயா.
போன நவம்பர் வெள்ளத்தில் ஒபிதியோவின் மோட்டார்
ஆற்றுக்குச் சரிக்குச் சரியாக ஓடியது.
எங்கள் துறைக்கு நேரெதிரே நின்றான்.
அவ்வளவு இரைச்சல், அவ்வளவு நுரை,
ஒரு சாண் நகரவில்லை.
கையசைத்தான். நாங்களும் அசைத்தோம்.
கயிறு எட்டவில்லை.
பெட்ரோல் தீரும்வரை அங்கேயே இருந்தான்.
எப்போது வந்து சேர்வான் என்று
அவன் மனைவி கேட்டாள்.
அதற்கு விடை கிடையாது என்பது
எனக்கு அன்றே தெரியும்."

அதன்பின் ஒரு சொல் இல்லை.
இருபடிச் சமன்பாடு, காரணிகள், நேரான கையெழுத்து.
ஒரு விடை பத்து.
மற்றது மைனஸ் ஐந்தில் இரண்டு.
அதையும் விடாமல் போட்டுப் பார்த்திருக்கிறார்:
ஏற மைனஸ் பத்து மணி, இறங்கப் பதினைந்து,
கூட்டினால் ஐந்தேதான்!
பக்கத்தில், "கணக்குக்கு வரும், கரைக்கு வராது."
அடித்துவிட்டார்.
பத்தின் கீழே இரண்டு கோடு.

மேற்பார்வையாளர் ஓத்தாலோரா அம்மையார்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படிக்கிறார்.
"பூச்சியம் என்ற சொல்லே இல்லையே."
இல்லைதான்.
அரை மதிப்பெண்ணுக்கு விதியில் இடமில்லை.
கட்டில் இன்னும் நாற்பது தாள் கிடக்கிறது.
ஒரு வெற்றுத் தாளை இழுத்து
எக்ஸுக்கு இரண்டையே போடுகிறேன்.

இருபத்துநான்கு.
அதன் கீழே ஒரு கோடு.
கோட்டின் கீழே
மோட்டார் இரைகிறது.