பத்து வினாடி

பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரை.
இரண்டே வரிகள்: லினக்ஸ், விண்டோஸ்.
பத்து, ஒன்பது என்று எண் இறங்குகிறது.

போன மாதம் லினக்ஸில் ஒலி வராமல்
மூன்று இரவு மல்லுக்கட்டி,
கடைசியில் ஒரேயொரு எழுத்துப்பிழை என்று கண்டு
நடுநிசியில் தனியாகச் சிரித்தாள் போக்னா.

விண்டோஸோ
பாதி ஆட்டத்தில் தன்னைப் புதுப்பிக்கக் கிளம்பும்.
நூற்றிருபது ஜிபியை அடைத்துக்கொண்டு
வாடகை தராத குடித்தனம்.
எத்தனையோ முறை காலிசெய்யப் பார்த்தாள்.

வூச் நகரில் பனி.
டிராம் ஒன்று தண்டவாளத்தைக் கீறிப் போகிறது.
இன்று வியாழன்.
நார்விக் துறைமுகத்தில் வேலை முடிந்து
ஜெமோவித் வரும் நேரம்.
அவன் ஆடும் ஒரே ஆட்டத்தின் காவல் நிரல்
லினக்ஸ்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

நான்கு. மூன்று.
கீழ் அம்பைத் தட்டுகிறாள்.

"வந்துட்டியா?"
காதில் அவன் குரல்,
வாய் நிறைய ரொட்டியோடு.